பதினொருவரையும் ஆட வைத்தவர்

நுழையும்முன்

குழுவாகச் செய்யும் எந்தப் பணியிலும் ஒதுங்கி நிற்பவர் ஒருவர் இருப்பார். எல்லாவற்றையும் தானே செய்ய முந்துபவர் ஒருவரும் இருப்பார். இவ்விருவரையும் ஒரே அணியில் சேர்த்து இயங்கச் செய்வது எளிதன்று. அதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியது இப்பாடம்.

திடலின் ஓரம்

ஆனேக்கல் வட்டத்தில் எந்தப் பள்ளியின் திடலுக்கு மாலை வேளையில் சென்றாலும் இக்காட்சியைக் காணலாம். பந்து ஓரிடத்தில் இருக்கும். அதைச் சுற்றி எட்டுப்பேர் மொய்த்திருப்பர். கால் வேகமுள்ள ஒருவன் பந்தைப் பிறர்க்குக் கொடுக்கமாட்டான். கோல் கம்பத்தின் அருகே இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். பந்து தன்னிடம் வராது என்பது அவனுக்குத் தெரியும். நாளடைவில் வரவேண்டும் என்னும் விருப்பத்தையும் அவன் விட்டிருப்பான். ஆசிரியர் ஊதலை ஊதி, கொடுக்காதவனையும் கடிந்துகொள்வார், நிற்பவனையும் கடிந்துகொள்வார். மறுநாளும் அதே காட்சி தொடரும்.

எண்பது ஆண்டுகளுக்கு முன் ஐதராபாத்தில் ஓர் ஆசிரியர் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டார். அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். ஐதராபாத்து மக்கள் அவரை ரகீம் சாகிப் என்று மதிப்புடன் அழைத்தனர். 2024 இல் வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் அவர் வாழ்க்கையைத் தழுவியது. அதைக் கண்ட மாணவர் சிலர் இருக்கலாம். திரைப்படத்துக்குப் பகைவர்களும் பரபரப்பும் தேவைப்படும். உண்மை வாழ்க்கையில் ரகீமின் பெரும்பாலான வெற்றிகள் யாரும் வேடிக்கை பார்க்காத பயிற்சித் திடல்களில் கிடைத்தவை.

ஆசிரியராகத் தொடங்கியவர்

ரகீம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அந்நகரம் நிசாம் அரசின் தலைநகராக விளங்கியது. உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பட்டம் பெற்றார். கல்லூரிக் காலத்திலேயே நல்ல கால்பந்தாட்டக்காரர் என்று பெயரெடுத்தார். பின்னர்க் காச்சிகுடா நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதன்பின் வேறு சில பள்ளிகளிலும் பணியாற்றினார். சாதர்காட் உயர்நிலைப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. இடையில் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

வகுப்பறையில் நின்று பழகியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அவருடைய பிற்காலச் செயல்கள் தெளிவாக விளங்கும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் நாற்பது பேரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. முதல் வரிசையில் இருப்பவனுக்குப் பாடம் சலிப்பாக இருக்கும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கு அதே பாடம் எட்டாத உயரத்தில் இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்ப்பர். வெளியே பார்ப்பது ஒன்றுதான். காரணங்கள் வேறு வேறு. ரகீம் திடலிலும் காரணங்களைத் தேடினார்.

1943 இல் அவர் ஐதராபாத்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் அவர் நடத்திய சில போட்டிகள் வியப்புக்குரியவை. ஒரு போட்டியில் பந்தைத் தட்டித் தட்டி எடுத்துச் செல்லக்கூடாது. வந்த பந்தை உடனே மற்றவருக்குக் கடத்திவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடவேண்டும். வலக்காலால் ஆடுபவர் இடக்காலையும், இடக்காலால் ஆடுபவர் வலக்காலையும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

இவ்விதிகள் என்ன செய்தன என்று எண்ணிப் பார்க்கலாம். பந்தைத் தானே வைத்துக்கொள்ளும் கெட்டிக்காரனிடம், பிறர்க்கும் கொடு என்று நூறுமுறை சொன்னாலும் அவன் கேட்கமாட்டான். அவனுடைய திறமைதான் அவனுக்குப் பெருமை தருகிறது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வராது. தட்டிச் செல்லக்கூடாது என்று ஆட்டத்தின் விதியே சொல்லும்போது அவன் யாரிடமும் தோற்றதாகாது. கொடுப்பதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு என்பதை அவனே கண்டுகொள்வான். ஓரத்தில் நின்றவன் நிலையும் மாறும். அவனிடமும் பந்து வந்தே தீரும். பழக்கமில்லாத காலால் ஆடும் நாளில் நேற்றுவரை புகழ் பெற்றவனும் தடுமாறுவான், இவனும் தடுமாறுவான். இருவரும் ஒரே படியில் நின்று தொடங்குவர். நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குத்தான் இத்தகைய எண்ணம் தோன்றியிருக்க முடியும்.

காவலர் அணி

ஐதராபாத்து நகரக் காவலர் அணியின் பெயர் 1943 இல் பெங்களூரில் நடந்த ஆஷ் தங்கக் கோப்பைப் போட்டியிலேயே கேட்கத் தொடங்கியது. 1950 இல் ரகீம் அவ்வணியின் பயிற்றுநரானார். அவ்வாண்டிலிருந்து 1954 வரை, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, மும்பையின் ரோவர்சு கோப்பையை அவ்வணி வென்றது. டூராண்டுக் கோப்பையும் ஒருமுறைக்கு மேல் ஐதராபாத்துக்கு வந்தது.

அந்த அணியில் இருந்தவர்கள் காவல்துறைப் பணியாளர்கள். ஐதராபாத்து 1948 இல்தான் இந்திய ஒன்றியத்துடன் இணைந்திருந்தது. ஆட்சியும் அலுவலகமும் மாறிய அந்தக் காலத்தில் உருது, தெலுங்கு, தமிழ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரே திடலில் பயிற்சி செய்தனர். சென்னைப் படைப்பிரிவுகளும் இரயில்வேயும் கொண்டுவந்து குடியமர்த்திய தமிழ்க் குடும்பங்கள் செகந்திராபாத்தில் நிறைய இருந்தன. பெங்களூரின் அல்சூர்ப் பக்கத்தில் வாழும் தமிழரின் கதையும் ஏறத்தாழ இதுவே. இரு நகரங்களிலும் படைமுகாம்களின் அருகே வளர்ந்த பிள்ளைகள் படைவீரர்களைப் பார்த்தே கால்பந்து கற்றனர். பெங்களூரின் கௌதமபுரத்தில் இன்றும் பிரேசில் வீரர் பெலேயின் சிலை நிற்பதற்கு அந்தப் பழைய பற்றே காரணம்.

வெறுங்கால்

1951 இல் புதுதில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு நடைபெற்றது. ரகீமின் பயிற்சியில் ஆடிய இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. வென்ற கோலை மேவாலால் அடித்தார். இந்திய வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கு. யூகோசுலாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றது. குளிர்நாட்டில், பூட்ஸ் அணிந்த எதிரணிக்கு முன் வெறுங்கால்கள் தாக்குப்பிடிக்கவில்லை. இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த அகமது கான். வெறுங்காலால் பந்தைப் பாம்பாட்டியைப் போல ஆட்டுவிப்பவர் என்று கொல்கத்தா மக்கள் அவரைக் கொண்டாடினர். இத்தோல்விக்குப் பின் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கட்டாயமாக்கியது.

ஆணை பிறப்பிப்பது ஒரு நாள் வேலை. பிறந்தது முதல் வெறுங்காலால் பந்தை உணர்ந்து பழகியவருக்குப் பூட்ஸ் என்பது விரலில் துணி சுற்றிக்கொண்டு வீணை வாசிப்பதைப் போன்றது. பத்தாண்டுகளாகத் தேடிய திறமை ஒரே நாளில் அரையாகக் குறைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பிடிவாதமாகத் தெரியும். உள்ளே இருப்பது அச்சம். புகழ்பெற்ற வீரர்களிடம் அவ்வச்சம் மிகுதி, ஏனெனில் இழப்பதற்கு அவர்களிடம் நிறைய இருந்தது. இந்த மாற்றக் காலத்தின் நடுவே, 1954 இல் மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்தியா முதற்சுற்றையே தாண்டவில்லை.

ரகீம் பழைய பெருமையைத் திரும்பப் பேசவில்லை. ஹெல்சிங்கியில் தோற்றவர்களைத் தூற்றவுமில்லை. அவர் இளையோரைத் தேடிச் சென்றார். அக்காலத்தில் ஹங்கேரி நாட்டு அணி காட்டிய புதிய ஆட்டமுறைகளைக் கவனித்துப் படித்து, இந்தியக் கால்களுக்கு ஏற்ப மாற்றினார். தனி ஒருவர் பந்தை நெடுந்தூரம் எடுத்துச் செல்லும் ஆட்டம் மெல்ல மறைந்து, ஒரே தொடுதலில் பந்தை மாற்றும் ஆட்டம் வந்தது. பள்ளித் திடலின் பழைய விதிதான் அது.

அம்முகுடாவின் பலராம்

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரகீம், ஐதராபாத்தில் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். பலராமால் நாள்தோறும் வர இயலவில்லை. தொலைவு அதிகம், பேருந்துக்குக் கையில் காசில்லை. மகன் பந்தாடித் திரிவதைத் தாயும் விரும்பவில்லை. வேலைக்குச் சென்று வீட்டைத் தாங்கவேண்டிய வயதில் விளையாட்டு எதற்கு என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அழைத்தும் வராத பையனை அக்கறையற்றவன் என்று ஒதுக்கியிருந்தால் யாரும் ரகீமைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் வராததன் காரணத்தைக் கேட்டறிந்தார். வாடகை மிதிவண்டிக்கான காசைத் தாமே நாள்தோறும் கொடுத்தார். பலராம் வந்தார். இதைப் பலராமே பின்னாளில் நன்றியுடன் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் சேர்ந்து ஆடிய ஐதராபாத்து அணி மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கோப்பையை வென்றது. 1956 இல் இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞர் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார்.

பீட்டர் தங்கராஜின் தொடக்கம் வேறு வகை. அவரும் ஐதராபாத்தில் பிறந்த தமிழர், நல்ல உயரம். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தபோது முன்கள வீரராகவே ஆடினார். அங்கே அவர் கோல் காவலராக மாற்றப்பட்டார். அம்மாற்றத்தைச் செய்தவர் ரகீம் அல்லர். ஆனால் இடம் மாறிய வீரர் எவ்வளவு உயரம் செல்லமுடியும் என்பதற்குத் தங்கராஜ் கண்முன் நின்ற சான்று. ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்னும் பெயர் சில ஆண்டுகளிலேயே அவரைத் தேடி வந்தது. ரகீம் இதைப் பின்னர் ஒரு நெருக்கடியில் தம் வழியில் பயன்படுத்தினார்.

மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். மைசூர் மாநிலத்துக் கெம்பையாவும் அந்த அணியில் இருந்தார். அரையிறுதியில் யூகோசுலாவியாவிடம் 4-1 என்றும், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 என்றும் இந்தியா தோற்று நான்காம் இடம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் வாங்கிய நாடு, பூட்ஸ் அணிந்து, உலகின் முதல் நான்கு அணிகளுள் ஒன்றாக நின்றது.

மகனும் ஓர் ஆட்டக்காரரே

1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டிலும் இந்தியாவுக்கு நான்காம் இடமே கிடைத்தது. 1960 உரோம் ஒலிம்பிக்கில் பி.கே. பானர்ஜி தலைமையில் சென்ற அணி ஹங்கேரியிடம் 2-1 என்று மட்டுமே தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பியது.

அந்த அணியில் இடம்பெற்ற ஒருவர் உரோமில் ஓர் ஆட்டத்திலும் களமிறக்கப்படவில்லை. அவர் சையத் சாகித் ஹக்கீம், ரகீமின் மகன். தந்தை பயிற்றுநராக இருந்தும் மகன் ஓரத்தில் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். வீட்டில் அதைப் பற்றி என்ன பேச்சு நடந்தது என்பது நமக்கு எட்டாத செய்தி. மற்ற ஆட்டக்காரர்கள் அதை உற்றுக் கவனித்திருப்பர் என்பதில் ஐயமில்லை. தனக்கு இடம் கிடைக்காத நாளில் எந்த வீரனுக்கும் முதலில் தோன்றும் எண்ணம், இங்கே ஓரவஞ்சனை நடக்கிறது என்பதுதான். உரோமுக்குப் பின் ரகீமின் அணியில் அப்படி எண்ணுவது கடினமாயிற்று.

ரகீமின் கண்டிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அணித்தேர்விலும் ஆட்டமுறையிலும் அவர் முடிவே இறுதியானது. அதனால் மனம் நொந்தவர்களும் இருந்தனர். ஐதராபாத்துக் கால்பந்து முழுவதும் ஒருவர் கையில் இருந்தது நல்லதா என்னும் கேள்விக்கு, அவர் மறைவுக்குப் பின் அந்நகரக் கால்பந்து தளர்ந்ததே ஒரு விடை.

சகார்த்தா, 1962

நான்காவது ஆசிய விளையாட்டு 1962 இல் இந்தோனேசியத் தலைநகர் சகார்த்தாவில் நடந்தது. சென்ற அணியை ஓர் அணி என்பதைவிட ஒரு சிறிய இந்தியா என்றே சொல்லலாம். வங்காளத்தின் சுனி கோஸ்வாமி தலைவர். முந்தைய தலைவர் பி.கே. பானர்ஜியும் அதே அணியில் இருந்தார். பஞ்சாபின் சர்னைல் சிங், கோவா வழிவந்த பிராங்கோ, கேரளத்தின் சந்திரசேகர், ஐதராபாத்தின் யூசுப் கான், செகந்திராபாத்தின் பலராம், படைப்பிரிவில் வளர்ந்த தங்கராஜ், பெங்களூரின் அருமைநாயகம் ஆகியோரும் இருந்தனர். உள்ளூர்ப் போட்டிகளில் இவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள். சுனியும் சர்னைலும் மோகன் பகான் அணியினர். பலராமும் அருண் கோசும் ஈஸ்ட் பெங்கால் அணியினர். கொல்கத்தாவில் இவ்விரண்டு அணிகளும் மோதும் நாளில் குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆண்டில் பெரும்பகுதியை ஒருவரையொருவர் வீழ்த்தத் திட்டமிட்டுக் கழித்தவர்கள் சில வாரங்களில் ஒருவரையொருவர் நம்பிப் பந்தைக் கொடுக்கவேண்டும்.

இன்னொரு செய்தியும் இருந்தது. ரகீமுக்கு நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. இருமலும் சோர்வும் நாளுக்கு நாள் மிகுந்தன. இது தம் இறுதி அணி என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது பின்கள வீரர் சர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. கோல் காவலர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்தார். அவருடைய இடத்தில் நின்ற பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடினார். சப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது.

தலையில் கட்டுடன் இருக்கும் பின்கள வீரரை என்ன செய்வது? ஓய்வு கொடுத்து ஓரத்தில் அமர்த்துவதே எவரும் எடுக்கும் முடிவு. சர்னைல் சிங்கோ ஆடாமல் இருக்க விரும்பாதவர். ரகீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். கோலைத் தடுப்பதில் பெயர்பெற்றவரைக் கோல் அடிக்க அனுப்பிய இம்முடிவு எதிரணியை மட்டுமன்றி உடனிருந்தோரையும் திகைக்க வைத்திருக்கும். அரையிறுதியில் தென்வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. சுனி இரண்டு கோல்களும் சர்னைல் ஒரு கோலும் அடித்தனர்.

இதற்கிடையே சகார்த்தா நகரமே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. இசுரேலும் தைவானும் போட்டிக்கு வர இந்தோனேசியா இசைவு தரவில்லை. அவ்வாறாயின் இவ்விழாவை ஆசிய விளையாட்டு என்று அழைப்பது தகாது என்று இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வாதிட்டார். சினமுற்ற மக்கள் இந்தியத் தூதரகத்தைத் தாக்கினர். விளையாட்டு வீரர்களுக்கு அதில் எப்பங்கும் இல்லை. ஆனால் கூட்டத்தின் முன் நிற்கவேண்டியவர்கள் அவர்களே.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு வீரர்களுக்கு உறக்கம் வரவில்லை. எதிரணி, முதல் ஆட்டத்தில் தங்களை வீழ்த்திய அதே தென்கொரியா. பின்னாளில் வீரர்கள் நினைவுகூர்ந்தபடி, ரகீம் அவர்களிடம் நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்றும், நாளை தங்கத்தை வென்று தருமாறும் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக ஆணையிட்டே பழகிய கண்டிப்பான ஆசிரியர் முதன்முறையாக ஒன்றை வேண்டிக் கேட்டார். அவர் உடல்நிலையை அறிந்திருந்தோர்க்கு அதன் பொருள் புரிந்தது.

மறுநாளுக்கான அணியில் அவர் செய்த மாற்றங்களுள் ஒன்று எளிதில் எடுக்கக்கூடியதன்று. காய்ச்சலிலிருந்து தேறிய தங்கராஜைக் கோல் காவலுக்கு மீண்டும் அழைத்தார். இதுவரை குறையின்றிக் காத்த பர்மன் வெளியே அமர்ந்தார். கொரியரின் உயரப் பந்துகளை எதிர்கொள்ளத் தங்கராஜின் உயரமும் பட்டறிவும் உதவும் என்று ரகீம் எண்ணியிருக்கலாம். பர்மன் அந்த இரவை எவ்வாறு கழித்திருப்பார் என்பதையும் நாம் எண்ணாமல் இருக்கமுடியாது. அணிக்கு நன்மை தரும் முடிவு ஒவ்வொன்றும் அணியில் யாரோ ஒருவருக்கு வலி தருகிறது. அவ்வலியைச் சுமந்தவர்கள் அமைதியாக அமர்ந்து கைதட்டியதும் அன்றைய ஆட்டத்தின் ஒரு பகுதியே.

1962 செப்டம்பர் 4. செனாயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். இந்திய நாட்டுப்பண் ஒலித்தபோதே கூச்சல் எழுந்தது. இந்தியக் கால்களில் பந்து பட்ட போதெல்லாம் இரைச்சல் மிகுந்தது. அரங்கின் ஒரு மூலையில் மட்டும் ஊக்கக்குரல் கேட்டதாகவும், அது பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களின் குரல் என்றும் இந்திய வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவ்வீரர்கள்தாம் அதே விழாவின் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்றிருந்தனர்.

17 ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் அடித்தார். 20 ஆம் நிமிடத்தில், தலையில் கட்டுடன் ஆடிய சர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இந்தியா தாக்குப்பிடித்தது. இறுதிக் கட்டத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. தங்கராஜ் இரண்டாவதற்கு இடம் கொடுக்கவில்லை. ஊதல் ஒலித்தபோது 2-1.

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அன்று ஒரே மேடையில் நின்றன.

அதன்பின்

ஐதராபாத்துக்குத் திரும்பிய ரகீம் விரைவில் படுக்கையில் விழுந்தார். 1963 சூன் 11 ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியர் விருது அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே ஏற்படுத்தப்பட்டது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பின் தங்கம் வெல்லவில்லை. 1970 இல் பாங்காக்கில் வென்ற வெண்கலமே இறுதிப் பதக்கம்.

பலராம் நுரையீரல் உறை அழற்சியால் 1963 இலேயே ஆட்டத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. தங்கராஜ் 1967 இல் அர்ச்சுனா விருது பெற்றார். உரோமில் ஆடாமல் அமர்ந்திருந்த ஹக்கீம் விமானப்படையில் பணியாற்றி, பன்னாட்டு ஆட்டங்களில் நடுவராகவும் பிற்காலத்தில் பயிற்றுநராகவும் விளங்கினார்.

பி.கே. பானர்ஜியும் பயிற்றுநரானார். 1970 களில் கொல்கத்தாவின் இரு பெரும் அணிகளையும் வெவ்வேறு காலங்களில் அவர் பயிற்றுவித்தார். ஆட்டம் தொடங்குமுன் உடைமாற்றும் அறையில், தளர்ந்திருக்கும் வீரர்களிடம் அவர் பேசும் பேச்சு புகழ்பெற்றது. ஒருவருடைய ஊரைச் சொல்வார்; இன்னொருவருடைய தாயை நினைவூட்டுவார்; வேறொருவரிடம் ஒன்றும் சொல்லாமல் தோளில் கைவைத்துவிட்டுச் செல்வார். கொல்கத்தா இதழ்கள் அதற்குச் ‘சொல் டானிக்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தன. அந்தப் பேச்சைக் கேட்டு ஆடிய இளைஞர்களில் பலர் ரகீமை நேரில் கண்டதில்லை.